லூசியாம்மாவின் குலசாமியைத் தேடிய பாயிண்ட்டண்ணன்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற நான், கப்பல் உடைந்து கரையேறிய வெள்ளைக்காரர்களின் தடயம் தேடி ஆப்பிரிக்கக் கடற்கரையில் அலைந்தவன். அதுவும் உள்ளங்கையில் தேங்காய் ஏந்திய ஒரு மனிதருக்குப் பின்னால்.

அவர்தான் பாயிண்ட்டண்ணன். அவர் ஒன்றைத் தேட ஆரம்பித்தால், அந்தப் பொருளே சலித்துப்போய் 'இந்தா இருக்கேன்' என்று எழுந்து நின்றுவிடும். போர்வெல்லுக்கு இடம் குறிப்பது, எங்கள் பேச்சில் 'பாயிண்ட்' பார்ப்பது, அவர் தொழில். கையில் படுத்திருக்கும் தேங்காய் எங்கே செங்குத்தாக நிமிர்கிறதோ அங்கே தண்ணீர். போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று மொசாம்பிக் போனபோது அவரும் போனார். மேனேஜர் என்ற பெயரில் நானும் போனேன்.

எங்களுக்குச் சமைத்துப் போட்ட லூசியாம்மா ஒருநாள் தன் குடும்பக் கதையைச் சொன்னார். எத்தனையோ தலைமுறைக்கு முன் அங்கே போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்று உடைந்ததாம். கரையேறிய மாலுமி ஒருவன் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டானாம். அவன் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்று சொன்னால் ஊரே சிரிக்கிறது, காட்ட ஒரு துரும்பும் இல்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்களுக்கெல்லாம் அது கதை. அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"குலசாமி எங்கிருக்குதுன்னே தெரியாம ஒரு குடும்பம் தவிக்குது. கேட்டுட்டுச் சும்மா இருக்கறதா?"

"ஏனுங்ண்ணா, அது மாலுமிங்க. சாமியில்லீங்க."

"மொதல்ல வந்து செத்தவன்தான் சாமி. மம்முட்டிய எடு."

உப்புத் தண்ணீரில் தப்பியவன் முதலில் நல்ல தண்ணீரைத்தான் தேடியிருப்பான், அங்கேதான் குடிசை போட்டிருப்பான் என்பது அவர் வாதம். ஆகவே, வேலை முடிந்ததும் தேங்காயோடு கரையோரம் நடப்பார். தேங்காய் நிமிரும் இடமெல்லாம் நான் மண்வெட்டியால் தோண்டுவேன். ஒற்றைச் செருப்பு கிடைத்தது. மீன் வலை கிடைத்தது. எனக்கு முதுகுவலி கிடைத்தது.

ஒரு மேட்டில் மூன்று கற்கள் நட்டிருந்தன. மேலே சிவப்புக் கறை, பக்கத்தில் சாம்பல். "அண்ணா, போர்ச்சுக்கீசியர் பலிபீடமுங்க" என்று நான் துள்ளினேன். அவர் மண்ணைக் கிளறி ஒரு கற்பூரப் பொட்டலத்தை எடுத்தார்.

"இதுல தமிழ்ல எழுதியிருக்குது. போர்ச்சுக்கீசுக்காரன் ஈரோட்டுச் சந்தைக்கு எப்ப வந்தான்?"

எங்களுக்கு முன்பே வந்த நம்மூர் ரிக் ஒன்று பூஜை போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

ரிக் கிளம்ப வேண்டிய அன்று காலையில்தான் அது கிடைத்தது. கட்டைவிரல் நகமளவு பீங்கான் சில்லு, நீலப் பூ போட்டது. அந்தக் காலக் கப்பலில் வந்த சீனப் பீங்கானேதான் என்று அண்ணன் முடிவுகட்டிவிட்டார். லூசியாம்மா அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஊருக்கு நடுவே நிமிர்ந்து நடந்தார். அண்ணன் அழுதார். தூசி என்றார்.

போன வாரம் அந்தச் சில்லின் படத்தை, பழம்பொருள் அறிந்த அஸ்தம்பட்டிப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டித் தொலைத்தேன். நேற்றைய ஓட்டல் தட்டு என்றுவிட்டார். அண்ணனுக்குச் சொல்ல மனம் வராமல் இரண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் பேசியபோது அவர் நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணையில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். கையோடு சமாதானமும் சொன்னேன்.

"விடுங்ண்ணா. அந்தம்மாவுக்கு எங்க தெரியப் போகுது?"

"நமக்குத் தெரியுமல்ல."

"அதுக்கு இப்ப என்ன பண்றதுங்க?"

"பாஸ்போர்ட்ட எடுத்து வை, சாமி."