கவர்னர் பெரியப்பாவுக்காக நான் அடித்த மணி

எனக்கு மேடை ஏறத் தெரியும், மைக் பிடிக்கத் தெரியும். மைக்கைக் கீழே வைக்கத்தான் தெரியாது. முப்பத்து நான்கு வருடம் டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் இருபத்திரண்டு வயதிலேயே, ஒரு தை மாதத்து மூடுபனியில், மூன்று எஸ்டேட் ஆட்களுக்கு நடுவில் ஒரே நாளில் பட்டு முடித்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில், வெகு காலத்துக்குப் பிறகு எங்கள் மலைக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அப்பாவின் அண்ணன் சூசைராஜ் தலைவர் பதவிக்கு நின்றார். காப்பி எஸ்டேட்டில் இருபது வருடம் ரைட்டராக இருந்தவர். (எங்கள் மலையில் ரைட்டர் என்றால் கதை எழுதுபவர் அல்ல. காலையில் ஆட்களின் பேர் எழுதி, சாயங்காலம் அவர்கள் பறித்த பழத்தை எடை போடுகிறவர்.) பழைய முதலாளி ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்த கறுப்புக் கோட்டை வெயிலானாலும் குளிரானாலும் கழற்ற மாட்டார். அதனால் ஊரில் அவருக்குக் கவர்னர் என்று பெயர். அந்தத் தேர்தலையும் யாரும் பஞ்சாயத்துத் தேர்தல் என்று சொல்லவில்லை, கவர்னர் எலெக்‌ஷன் என்றுதான் சொன்னார்கள்.

அவர் தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஒரு பாலம். எங்கள் ஊரிலிருந்து எஸ்டேட்டுகளுக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஓர் ஓடை. அதன் மேல் நான்கடி அகலத்தில் கல்பாலம், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் பெரியம்மா அதிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பெரியப்பா எழுதாத மனு இல்லை, ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லோரும் "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கலாம் என்று சொல்லும் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தார். பெரியம்மா விந்தி விந்தி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனிதர் ஜெயித்தே ஆக வேண்டும் என்று எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆனால் அவர் எழுதிய தேர்தல் நோட்டீஸைப் பார்த்ததும் வேறு விதமாக நெஞ்சு அடைத்தது. "பாலத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி போடப்படும். கிணறு மூன்றும் தூர் வாரப்படும். பள்ளிக்கூடக் கூரையில் உடைந்த ஓடு மாற்றப்படும். புதிதாக எதுவும் கட்டும் உத்தேசம் இல்லை." அவ்வளவுதான். எதிர்த்து நின்றவர் கான்ட்ராக்டர் நடேசன். அவருடைய நோட்டீஸ் மூன்று கலரில் இருந்தது. தெருவுக்குத் தெரு மெர்க்குரி விளக்கு, வீட்டுக்கு வீடு குழாய் என்று நான்கு பக்கத்துக்கு நீண்டது. எங்களுக்குக் கிடைத்த சின்னமோ பூட்டு சாவி. இருக்கிறதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் மனிதருக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைத்திருக்காது.

"ஏனுங்க பெரியப்பா, ஒண்ணு ரெண்டு புதுசா சேத்துக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"செய்ய முடியாததை எதுக்குச் சொல்றது, கண்ணு? நாளைக்கு இதே ஆளுங்க மூஞ்சியிலதானே முழிக்கோணும்?" என்றார்.

நான் அப்போதுதான் டீச்சர் பயிற்சி முடித்து வந்திருந்தேன். பயிற்சிப் பள்ளியில் பேச்சுப் போட்டியில் இரண்டு தடவை முதல் பரிசு. (மூன்றாவது தடவை எனக்கு முன்னால் பேசியவள் மயங்கி விழுந்துவிட்டாள், போட்டியே நடக்கவில்லை. நடந்திருந்தால் அதுவும் எனக்குத்தான்.) மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கிறவளும் நான்தான். ஆகவே மைக் கட்டிய ஜீப் என் பொறுப்பில் வந்தது. பெரியப்பா ஜீப்பில் ஏற மாட்டார். ஓட்டுக் கேட்கிறவன் நடந்து போய், வாசலில் நின்று, அவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பது அவர் கட்சி.

விபரீதம் நடந்த அன்று காலையில் கரடியூர்ப் பக்கம் கிளம்பினோம். ஓட்டுகிறவர் கந்தண்ணன், பக்கத்தில் நான். பனி அப்படி இறங்கியிருந்தது. ஜீப்பின் மூக்கு எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டி, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் கந்தண்ணன் வண்டியை நிறுத்தினார். வழக்கமாகப் பாட்டுப் போட்டால் கூட்டம் வரும். அன்றைக்கு ஈரத்தில் கேசட் நாடா சிக்கிக்கொண்டு டேப் ரிக்கார்டரின் வயிற்றுக்குள் போய்விட்டது. "ஓட்டுப் போடுங்கள்" என்று நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு வெளியே வந்தது ஒரு கோழி மட்டும்தான்.

அப்போது பனி கொஞ்சம் விலகியது. எதிரே ஒரு சின்னக் கோயில். அதன் முன்னால் சில்வர் ஓக் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது, பக்கத்தில் அடிக்க ஒரு இரும்புக் கம்பி. எங்கள் ஊர்க் கோயிலிலும் மணி என்பது இதே தண்டவாளம்தான். மணி வாங்க வசதியில்லாத மலைக் கோயில்களில் அதை அடித்துத்தான் ஜெபத்துக்குக் கூப்பிடுவோம். ஆள் கூட்ட இதைவிட என்ன வேண்டும்? மைக்கை இழுத்துக்கொண்டு போய்த் தண்டவாளத்தை ஒட்டிப் பிடிக்கும்படி கந்தண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் கம்பியைத் தூக்கிப் பதினொரு அடி அடித்தேன். (ஏன் பதினொன்று என்று இன்றுவரை கேட்கிறார்கள். பன்னிரண்டாவதுக்குக் கையில் தெம்பு இல்லை.) ஒலிபெருக்கி வழியாகக் கிளம்பிய சத்தம் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர் மலையில் முட்டி, எங்களிடமே திரும்பி வந்தது.

ஐந்தே நிமிடம். பனிக்குள்ளிருந்து ஒரு தலை தெரிந்தது, பிறகு பத்து, பிறகு கூட்டம். மேட்டிலிருந்தும் சரிவிலிருந்தும் இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோர் தலையிலும் கூடையோ மூட்டையோ. அதை இறக்கி வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். தூரத்தில் இருக்கும் தலைச்சோலைப் பக்கத்து ஆட்கள்கூட மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். என் குரலைக் கேட்க வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவ்வளவு பெரிய கூட்டத்துக்குக் கிணறு தூர் வாருவதைப் பற்றி எப்படிப் பேசுவது? வாய் தன் போக்கில் போனது. சேலத்திலிருந்து எங்கள் ஏற்காட்டுக்கு ரோப் கார் விட்டேன். வீட்டுக்கு வீடு குழாய் என்று நடேசன் சொன்னதை வெந்நீர்க் குழாயாக உயர்த்தினேன். சினிமா தியேட்டர் ஒன்று கட்டி, பனி உள்ளே வராமல் கதவும் போட்டேன். யாரும் கை தட்டவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வரிசையில் முன்னால் நின்றிருந்த வெள்ளையம்மா என்ற வயதான பெண் மட்டும் கையைத் தூக்கினாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது, சாமி. எடை எப்பப் போடுவீங்க?"

இன்னொரு கோரிக்கை என்று நினைத்தேன். "பெரியப்பா ஜெயிச்சதும் மொத வேலை அதுதானுங்க" என்று மைக்கில் வாக்குக் கொடுத்தேன். வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

அந்த நேரத்தில் எஸ்டேட்டின் புது ரைட்டர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் மேனேஜர். பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த எஸ்டேட்டில் தண்டவாளம் ஜெபத்துக்கு அடிப்பதில்லை. பறிப்பு முடிந்தது, பழத்தை எடைக்குக் கொண்டு வா என்பதற்கு அடிப்பது. பனிக்காலத்தில் சூரியன் எங்கே என்று யாருக்கும் தெரியாது, அந்தச் சத்தம்தான் பொழுது. எலெக்‌ஷனுக்காக அரை நாளில் விடுவார்கள் என்று வேறு பேச்சு இருந்திருக்கிறது. வேலையை முடிக்கச் சொல்லும் மணியை யார் நின்று விசாரிப்பார்கள்? ஒலிபெருக்கி புண்ணியத்தில் பக்கத்து இரண்டு எஸ்டேட்டும் சேர்ந்து காலியாகியிருந்தன. மணி காலை பத்தரை.

பறித்த எடைக்குத்தான் கூலி. கூடைகளோ கால்வாசிகூட நிறையவில்லை. மலையெல்லாம் பழம் சிவந்து, விட்டால் உதிர்ந்துவிடும் பருவம் வேறு. வரிசையில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாகக் கடுத்ததைப் பார்த்தேன். தேர்தல் அதிகாரிக்கு எழுதப் போகிறேன் என்று மேனேஜர் சத்தம் போட்டார். ஒரே காலையில் மூன்று எஸ்டேட் ஓட்டையும் தொலைத்துவிட்டேன். பாலம் போயிற்று, பெரியம்மா என்றைக்கும் அதைத் தவழ்ந்துதான் கடக்கப் போகிறாள். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே அழ ஆரம்பித்தேன்.

சத்தம் கேட்டு, அடுத்த வளைவில் வாசல் வாசலாக ஏறிக்கொண்டிருந்த பெரியப்பா வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார். கேட்கத் தேவையில்லை, இருபது வருடம் அதே மாதிரி மணிக்கு எடை போட்டவர். கந்தண்ணனிடமிருந்து மைக்கை, பல்லியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் வாங்கினார்.

"மணியடிச்சது எந் தம்பி பொண்ணுங்க. தப்பு எங்க ஊட்டுது. ரோப் கார் வராதுங்க. வெந்நியும் வராதுங்க, அவங்கவங்க அடுப்புலதான் வெச்சுக்கோணும். பாலத்துக்குக் கைப்பிடி போடுவேன், அது ஒண்ணுதான் என்னால முடியும். இப்ப மணி பத்தரை. பொழுது நொம்பக் கெடக்குது, வாங்க, பறிக்கலாம்."

பிறகு மேனேஜரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அன்று சாயங்கால எடையை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும், பக்கத்து எஸ்டேட்டுகளுக்கும் அப்படியே சொல்லி அனுப்ப வேண்டும், யாருக்கும் கூலி குறையக் கூடாது என்பது பேச்சு. நான்கு பேர் பறிப்பதற்குச் சும்மா கிடைக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த நான்கு பேர் அவர், நான், கந்தண்ணன், நான்காவதாக ஆள் இல்லாத குறைக்கு மேனேஜரே. மேனேஜர் முதலில் முறைத்தார், பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டார். நான் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பெரியப்பா கோட்டைக் கழற்றுவதைப் பார்த்தேன். உள்ளே சட்டையின் ஒரு கையும் முழு முதுகும் இல்லை. கோட்டின் ரகசியம் அன்றுதான் மலைக்கே தெரிந்தது.

நான் மலைக்காரி, காப்பிச் செடியைத் தினமும் பார்ப்பவள், ஆனால் பறித்ததில்லை. சிவந்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும். நான் கொத்தாக உருவினேன். பக்கத்து வரிசையில் இருந்த வெள்ளையம்மா என் கூடையை எட்டிப் பார்த்தாள்.

"பச்சையை உட்டுருங்க, சாமி. அது அடுத்த எலெக்‌ஷனுக்கு ஆகும்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அன்று காலைக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு அதுதான்.

சாயங்காலம் நிஜமான மணி அடித்தது. இந்தத் தடவை நான் அந்தப் பக்கமே போகவில்லை. வரிசையில் எங்கள் முறை வந்தது. என் கூடையில் பாதி பச்சை, எடையோ ஒரு பூசணிக்காய்க்குக் காணாது. அதற்கே சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பெரியப்பாவின் கூடை வந்ததும் நிமிர்ந்து நின்றார்கள். இருபது வருடம் எத்தனையோ பேர் கூடையைக் கிளறி, "பச்சை கெடக்குது, கழிச்சுக்கறேன்" என்று எடையைக் குறைத்தவர். புது ரைட்டர் கூச்சத்தோடு கையை விட்டுக் கிளறினார். என் கூடையைவிட அதிலே பச்சை அதிகம்.

"பச்சை நொம்ப இருக்குதுங்க" என்றாள் வெள்ளையம்மா, மெதுவாக.

பெரியப்பா கூடையைக் குனிந்து பார்த்தார். "ஆமாங்க. கழிச்சுக்குங்க" என்றார்.

அவ்வளவுதான். கூடைகளும் சாக்குகளும் குலுங்கும்படி அத்தனை பேரும் சிரித்தார்கள். மேனேஜர் எடைத் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியப்பாவும் அந்த ஓட்டைச் சட்டையோடு நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். என் மூன்று வாரப் பேச்சு ஒரு ஓட்டு வாங்கியிருக்குமா தெரியாது. அந்த "கழிச்சுக்குங்க" மூன்று எஸ்டேட்டையும் வாங்கிக் கொடுத்தது.

பெரியப்பா சொற்ப ஓட்டில் ஜெயித்தார். கைப்பிடி வேலையை யாருக்குக் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? தோற்றுப்போன கான்ட்ராக்டர் நடேசனுக்கு. எங்கள் வீட்டில் எல்லோரும் குதித்தோம். "இரும்பு வேலை இந்த மலையில அவனுக்குத்தான் ஒழுங்கா வரும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நடேசனும் ரோஷத்தில், யானை சாய்ந்தாலும் அசையாத மாதிரி போட்டுக் கொடுத்தார். பெரியம்மா முதல் நாள் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை போய்விட்டு வந்தாள், அக்கரையில் ஒரு வேலையும் இல்லாமல்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் அந்தப் பாலத்தைக் கடந்தாலும் கையில் கிடைத்ததைக் கொண்டு கைப்பிடியில் பதினொரு தடவை தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்குக் கல்யாணமானபோது மாப்பிள்ளையை நிற்க வைத்துத் தட்ட வைத்தார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் போன பிறகும் வழக்கம் நிற்கவில்லை. போன தை மாதம் பெங்களூரிலிருந்து வந்த என் மருமகளை அழைத்துப் போனேன். கதையைக் கேட்டுவிட்டு, அவளும் வீட்டுச் சாவியால் டங் டங்கென்று தட்டினாள். நல்ல பனி. ஒன்பது, பத்து, பதினொன்று.

மேலே காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து, முகம் தெரியாத ஒரு பெண் குரல் இறங்கி வந்தது.

"டீச்சருங்களா? இன்னும் நேரமாகலீங்க. நாங்க ஏமாற மாட்டோம், நீங்க ஊட்டுக்குப் போங்க."