சாக்குக்குள் இருந்த தாரா

"எனக்கு வேட்டை தெரியாது" என்று சொல்ல இரண்டு வினாடி போதும். அதைச் சொல்லாமல் விட்டதற்கு எட்டு வருடமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் வாத்துக்குத் தாரா என்று பெயர். நான் காதலித்த மானிப்பாய்ப் பெண்ணுக்கும் அதே பெயர்தான். (ஞானஸ்நானப் பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.) அவர்கள் வேதக்காரர், நாங்கள் நல்லூர்ச் சைவர். இரண்டு வீட்டாரும் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, கடைசியில், கனடாவிலிருந்து வரும் அவளின் தமையன் ஓம் என்றால் எங்களுக்கும் ஓம் என்று வந்து நின்றார்கள்.

தமையன் ரூபன் அண்ணை வந்தார். கனடாவில் லீவு நாளெல்லாம் தாரா வேட்டையாம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்கு வேட்டைப் பழக்கம் இருக்கோ?"

"ஓம் அண்ணை. சின்னனிலை இருந்து."

(சின்ன வயதில் நான் பிடித்தது தும்பி. அதுவும் செத்த தும்பி.)

"அப்ப வெள்ளிக்கிழமை விடிய வெள்ளன வாரும். துவக்கு இல்லை, வலையாலை பிடிப்பம்."

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லே கேட்காது. விசேட வகுப்பு என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு (நான் டியூசன் வாத்தியார்) சைக்கிளை மிதித்தேன்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் வெள்ளம் நின்ற வயலில் வேட்டை. அண்ணை தன் வேட்டைச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார். ஆளை மறைக்கும் சட்டையாம். அது கனடாக் காட்டின் காய்ந்த இலை நிறம். பச்சை வயலுக்குள் நான் மானிப்பாய் முழுவதற்கும் தெரிந்திருப்பேன். பிறகு அவர் ஒரு ஊதுகுழலை எடுத்து 'குவாக்' என்று ஊதினார். மேய்ந்துகொண்டிருந்த காட்டுத் தாராக்கள் அத்தனையும் எழும்பிப் பறந்தன.

"கனடாத் தாரா எண்டால் வரும்," என்றார் ரோசத்துடன். "நீர் இந்தப் பற்றைக்குள்ளை இரும். நான் சுத்திப்போய்க் கலைச்சு விடுறன்."

முழங்கால் சேற்றில் தனியே இருந்தேன். ஒரு செருப்பு ஏற்கெனவே போய்விட்டது. அப்போது ஒரு தாரா, பறக்காமல், பயப்படாமல், நேரே என்னிடம் நடந்து வந்தது. வலையை வீசினேன். பாதி தாராவின்மேல் விழுந்தது, பாதி என்மேல். இருவரும் வலைக்குள் கட்டிப்பிடித்தபடி கிடக்கையில் போன் அடித்தது. அம்மா.

"எங்கையடா நிக்கிறாய்? வகுப்புப் பூட்டிக் கிடக்காம்!"

சந்தோசத்தில் பொய் மறந்துபோனது. "அம்மா, தாரா என்ரை கையிலை!" என்று கிசுகிசுத்தேன்.

"என்னடா சொல்லுறாய்? தமையனுக்குத் தெரியுமோ?"

"இன்னும் தெரியாது."

"அது... அது விரும்பித்தான் வந்ததோ?"

(எங்கள் ஊரில் செல்லமான பெண்பிள்ளையையும் 'அது' என்போம். அதில்தான் கவிழ்ந்தேன்.)

"தானாத்தான் நடந்து வந்தது. இப்ப கத்துது. வாயைப் பொத்திப் பிடிச்சிருக்கிறன். சாக்குக்குள்ளை போட்டுக் கட்டப்போறன்."

"ஐயோ முருகா!"

போன் நின்றது. வெள்ளிக்கிழமை தாரா பிடித்த பாவத்துக்காக முருகனைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

அண்ணை சுற்றி வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆனது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவருடன் வீட்டு முற்றத்துக்கு வந்தால், அங்கே ஒரு ஆட்டோ நிற்கிறது. அம்மா கையில் ஒரு புதுச் சேலையுடன், தாராவின் அப்பாவுக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தார். அவரோ தேத்தண்ணிக் கோப்பையுடன் விழித்துக்கொண்டிருந்தார்.

"என்ரை பிள்ளை செய்தது பிழைதான். அதுகளைப் பிரிச்சுப்போடாதேங்கோ!"

ஆறு மாதம் தாராவின் பெயரைக் கேட்டாலே எழும்பிப் போன அம்மா, எங்களுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். என் நெஞ்சு இளகிவிட்டது. ஆனால் எதற்குக் கெஞ்சுகிறார் என்பதுதான் விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து பல் விளக்கும் பிரசை வாயில் வைத்தபடி தாரா வெளியே வந்தாள். "என்ன மாமி, விடியவெள்ளன?"

அம்மா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"அப்ப சாக்குக்குள்ளை ஆரடா?"

'குவாக்' என்றது சாக்கு.

அவிழ்த்துவிட்டதும் அது யாரையும் சட்டை செய்யாமல் நேரே கிணற்றடித் தொட்டிக்கு நடந்தது. காலில் ஒரு சிவப்பு நூல்.

"உது நாங்கள் வளர்க்கிற தாராவெல்லோ!" என்றாள் என் தாரா.

அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணம் இத்தோடு சரி என்று தலையைக் குனிந்தேன். நிமிர்ந்தால் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் குந்தியிருந்து சிரிக்கிறார்.

"உமக்குக் காட்டுத் தாரா சரிவராது, மச்சான். எங்கடை வீட்டுத் தாராவையே கட்டும்."

அவர் என்னை மச்சான் என்றது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணுக்குள் சேறு என்று சமாளித்தேன். அம்மா அந்தச் சேலையைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

இன்றைக்கும் அம்மாவுடன் போனில் கதைக்கும்போது, "தாரா பக்கத்திலை" என்று வாய் தவறிச் சொன்னால் போதும்.

"எதடா? இறகு உள்ளதோ, இல்லாததோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் போகும்.

"சாக்குக்குள்ளை போடேலாதது எண்டு சொல்லுங்கோ!"