சிவப்புப் பேனாவும் பன்னிரண்டு தாளும்

பன்னிரண்டு தாளையும் மூன்றாம் முறை கூட்டிப் பார்த்துவிட்டுப் புகழேந்தி தலையில் கை வைத்துக்கொண்டார். கணக்குப்படி ஆமத்தூரின் ஒரே தெருவில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆட்டிசம்.

கேள்வித்தாள் மதுரை டாக்டர் லட்சுமிகாந்தம் தயாரித்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிரப்ப வேண்டும். தாளில் யார் பெயரும், பிள்ளையின் பெயரும்கூட, எழுதக் கூடாது. பொருந்தாத கேள்வியைச் சிறப்பாசிரியர் புகழேந்தி திருத்தலாம். ஒரே பிள்ளையைப் பற்றி இரண்டு பேர் தனித்தனியாக எழுதி, பதில் ஒத்துப்போனால் கேள்வித்தாள் சரியானதுதான் என்று தேறிவிடும். அப்படி இரண்டு பேர் எங்கே கிடைப்பார்கள் என்று டாக்டரே அந்த யோசனையைக் கைவிட்டிருந்தார்.

தாள் தேறினால் ஆமத்தூரில் பயிற்சி வகுப்பு. தேறாவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். மாரிசெல்வியின் நான்கு வயது மகன் எழிலுக்கு அந்த வகுப்பை விட்டால் வேறு வழியில்லை. பட்டாசு ஆபீஸில் வெடி கட்டும் வேலைக்குப் போகிறவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு அலைய முடியுமா? அவளுக்காகத்தான் புகழேந்தி, அவள் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயைப் பிடித்துத் தெருவில் தாள் கொடுக்கச் சொன்னார்.

புகழேந்தி சிவப்புப் பேனாவைத் திறந்தார். திறந்துவிட்டால் எதையாவது திருத்தாமல் அவரால் மூட முடியாது. 'திடீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறதா?' பன்னிரண்டு பேரும் ஆமாம் போட்டிருந்தார்கள். பட்டாசு செய்து வெடித்துப் பார்க்கிற ஊரில் எந்தப் பிள்ளைதான் பொத்தாது? 'வெடிச் சத்தம் தவிர' என்று சேர்த்தார். வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வேலை நடக்கிற ஊர் என்பதால், பொருள்களை வரிசையாக அடுக்கும் கேள்வியில் 'தீக்குச்சி தவிர' என்று சேர்த்தார்.

புதுத் தாள் போய் வந்தது. வெடிக்குப் பதில் குக்கர் விசில். தீக்குச்சிக்குப் பதில் செருப்பு. பன்னிரண்டு தாளிலும் செருப்பு. மதிப்பெண் முன்பைவிட ஏறியிருந்தது.

"ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதுனீகளா?" என்று வெள்ளைத்தாயிடம் கேட்டார்.

"இதென்ன பரீட்சையா சார், காப்பி அடிக்க? நடந்தத எழுதுனோம்."

நம்பாமல், ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார். கேட்காததையெல்லாம் சொன்னார்கள்.

"இட்லி வெள்ளையா இருக்கணும் சார். சட்னி ஒரு சொட்டுப் பட்டாலும் தொடாது," என்றாள் மாரித்தாய்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பாது. முறுக்குப் பையப் பிரிச்சாத் திரும்பிரும்," என்றாள் யோகேஸ்வரி.

ஒன்பதாவது பெண்ணும் சட்னிக்கு வந்தபோது புகழேந்திக்கு வியர்த்துவிட்டது. குடிதண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, மறுநாளிலிருந்து வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தார். தெருவில் யார் டீ கொடுத்தாலும் வயிறு சரியில்லை என்றார். கடைசியில் டாக்டருக்குப் போன் போட்டார்.

"தாள்தான் தப்புன்னு நினைச்சேன் மேடம். தாள் சரின்னா ஊரே தப்பால்ல இருக்கு?"

"பன்னெண்டா? வெள்ளிக்கிழமை நானே வர்றேன். எல்லாப் பிள்ளைகளையும் வரச் சொல்லுங்க. தாள் தப்புன்னு தெரிஞ்சா அங்க திட்டத்த நிறுத்திற வேண்டியதுதான்."

புகழேந்தி போனை வைத்தார். எழிலின் வகுப்பைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று நொந்துபோனார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு குட்டி நாற்காலிகளோடு வேன் வந்தது. பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். வெள்ளைத்தாயின் இடுப்பில் எழில் இருந்தான். இறக்கிவிட்டதும் நேரே வாசலுக்குப் போய், அவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினான்.

டாக்டர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். "மத்த பதினோரு பிள்ளைக எங்க?"

புகழேந்தி வெள்ளைத்தாயைப் பார்த்தார். வெள்ளைத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வேற பிள்ளை எதுக்கு சார்? பாத்துக்கிடுறவுகதான எழுதணும்னீக; மாரிசெல்வி வேலைக்குப் போனா இவன நாங்க பன்னெண்டு வீடும் முறை வச்சுல்ல பாத்துக்கிடுறோம்."