சேலை என்ன கலருங்க?

கூட்டம் என்றால் எனக்குப் பயமே கிடையாது என்று ஐம்பது வயதுவரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமை அந்தியூர் குதிரைச் சந்தையில் கழன்று விழுந்தது.

சிங்காநல்லூரில் பஸ் ஏறி நானும் என் மனைவி சாந்தியும் போயிருந்தோம். நல்ல நெரிசல். யாரோ ஒருவரின் முழங்கை என் விலாவில். யாரோ ஒரு குழந்தையின் பஞ்சுமிட்டாய் என் காதில். சாந்தியின் கை என் கையில். "சந்தைன்னா இப்படித்தான் இருக்கோணும்!" என்று ரசித்தேன்.

ஒரு வெள்ளைக் குதிரையை அண்ணாந்து பார்த்தேன். குனிந்தால், கையில் கை இல்லை.

அதே ஜனம்தான். ஆனால் மொத்தப் பேரும் என் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்ததுபோல மூச்சு முட்டியது. அவளுக்குப் போன் போட்டேன். என் தோள்பைக்குள்ளேயே மணியடித்தது. (பத்திரமா வெச்சிருங்க என்று என்னிடம்தான் கொடுத்திருந்தாள்.)

"தள்ளுங்க! என்ற சம்சாரத்தக் காணோமுங்க!" என்று முட்டி மோதி, அறிவிப்புப் பந்தலுக்கு ஓடினேன்.

மைக் பிடித்திருந்தவர் நிதானமானவர். "பேரு?"

"சாந்திங்க."

"இங்க நூறு சாந்தி இருப்பாங்க. சேலை என்ன கலருங்க?"

காலையில் அவள் எதிரே வந்து நின்று, "நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே "பிரமாதம்" என்றேன்.

"பச்சைங்க... இல்லீங்க, ஒரு மாதிரி..." தோள்பையால் கண்ணைத் துடைத்தேன்.

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "சம்சாரத்தோட சேலை கலர் தெரியாத ஒருத்தர் இங்க அழுதுட்டிருக்காருங்க. சாந்திங்கற அம்மணி எங்கிருந்தாலும் வந்து கூட்டிட்டுப் போங்க."

வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். ஒரு அம்மா முந்தானையால் விசிறினார். "அழுவாதீங்க. எங்கூட்டுக்காரரு என்னைக்கு என்ற சேலையப் பாத்தாரு?" முன்பைவிட இரண்டு மடங்கு நெரிசல். ஆனால் மூச்சு வந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சாந்தி வந்தாள். மாம்பழ மஞ்சள்! "ஏனுங்க, பக்கத்துல குதிரைக்கு வெலை கேட்டுட்டு நின்னேன். அதுக்குள்ற மானத்த வாங்கிப்போட்டீங்களே!" திட்டிக்கொண்டே, அத்தனை பேர் பார்க்க, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பும் வழியில் ஜனம் இன்னும் பெருகியிருந்தது. எங்களுக்கு இடம் தாராளமாக இருந்தது.

இப்போதும் நாங்கள் வெளியே கிளம்பினால் மகள் கையை மைக் போலக் குவித்து, "அப்பா, சேலை என்ன கலருங்க?" என்பாள். நான் சாந்தியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பார்டரையும் சேர்த்துச் சொல்வேன்.

பஸ்ஸுக்கு நேரமானாலும் சாந்தி அவசரப்படுத்துவதில்லை.