பிராசசர் காலியாத்தான் இருக்குதுங்க

கம்ப்யூட்டர் தொண்ணூற்று நான்கு என்று காட்டியது. குமாரசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதற்குள் தொண்ணூற்று ஆறு ஆகியிருந்தது.

"போச்சு" என்றார்.

ஈரோட்டில் துண்டும் பெட்ஷீட்டும் ஏற்றுமதி செய்கிற அந்த ஆபீசில் அவர் மேனேஜராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் துடியலூரில் ஒரு பம்ப்செட் கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பத்தொரு வயதில் ஒன்பது இடம் ஏறி இறங்கி, பத்தாவதாக இங்கே வந்தபோது முதலாளி கந்தப்பன், "கம்ப்யூட்டர் தெரியுமுங்களா?" என்று கேட்டார். "அத்துபடிங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மெயில் அனுப்பத் தெரியும். அதுவும் பக்கத்தில் யாராவது இருந்தால்.

இன்று காலை பத்து மணிக்கு முதலாளி ஆர்.எஸ்.புரம் கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"குமாரசாமி, கண்ணுல சொட்டு மருந்து உட்டுப்போட்டாங்க. பொழுதோட வரைக்கும் ஒண்ணும் தெரியாதாமா. மெட்ராஸ்ல இருந்து பையர் மேடம் வாராங்க. நம்ம பிராசசர் டீடெயில் பூரா லெட்டர்பேடுல எழுதி, சீல் வச்சு டிரைவர் மயில்சாமிகிட்டக் குடுத்துடுங்க."

"பிராசசருங்களா?"

"ஆமாங்க. பேரென்ன, எத்தனை, இப்ப எவ்வளவு லோடு ஓடுது, எவ்வளவு ஃப்ரீயாக் கிடக்குது. மேடம் மொதல்ல அதைத்தான் பாப்பாங்க. பிராசசர் ஃப்ரீயா இல்லீன்னா ஆர்டர் கிடையாதுன்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க. நீங்க விவரமான ஆளு, பாத்துச் செஞ்சுபோடுங்க."

பெட்ஷீட் வாங்குகிறவர்களுக்கு எதற்குக் கம்ப்யூட்டர் கணக்கு என்று ஒரு நிமிடம் யோசித்தார். போன வாரம் இதே பையர், மாடிப்படிக்கு எத்தனை படி, முதலுதவிப் பெட்டியில் எத்தனை பிளாஸ்திரி என்றெல்லாம் கேட்டு போட்டோவும் வாங்கியிருந்தார்கள். இதையும் கேட்பார்கள். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்?

பம்ப்செட் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்த ஜெரோமுக்குப் போன் போட்டார்.

"ஜெரோம், கம்ப்யூட்டருக்குள்ள பிராசசர் எங்க கண்ணு தெரியும்?"

"கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமுக்குங்ணா. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ்னு இருக்கறதத் தொடுங்க. வலது பக்கம் மேல பேரு இருக்கும், கீழ லாஜிக்கல் பிராசசர் எத்தனைன்னு போட்டிருக்கும்."

பேர், கோர் ஐ த்ரீ. எண்ணிக்கை, நாலு. அதுவரை நன்றாகத்தான் போயிற்று. லோடு என்ற இடத்தில்தான் இந்தத் தொண்ணூற்று ஆறு.

"ஜெரோம், இது ரொம்பி வழியுதே. மேடம் பாத்தா எந்திரிச்சுப் போயிருவாங்களே!"

"ஓடிட்டு இருக்கறதுல வேண்டாததை நிறுத்துங்ணா. அது மேல வச்சு எண்ட் டாஸ்க் குடுத்தாப் போதும்."

குமாரசாமி பட்டியலில் முதலில் இருந்ததை நிறுத்தினார். பின்னாலிருந்து அலறல் வந்தது. பில் போடுகிற ஷைமா அதே கம்ப்யூட்டரின் பிரவுசரில் நாற்பது பெட்டியில் முப்பத்தெட்டுக்கு விவரம் அடித்துவிட்டு, மீதிக்குப் பேக்கிங் ஆளிடம் எடை கேட்க எழுந்து போய், அப்போதுதான் திரும்பி வந்திருந்தாள்.

"ஏனுங் சார், என்ன பண்ணுனீங்க? முப்பத்தெட்டு பெட்டி அடிச்சிருந்தனுங்க!"

"கோவிச்சுக்காத அம்மணி. கம்ப்யூட்டர் டீடெயில் கேட்டிருக்காங்க. காலி பண்ணிக் காட்டோணும்."

"அதுக்கு என்னோட வேலையத்தான் காலி பண்ணோணுங்களா?"

"உன்ற வேலை போகாது. என்ற வேலைதான் போகும்."

அவர் குரலைக் கேட்டு ஷைமா எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். லோடு நாற்பதுக்கு இறங்கியது. அப்பாடா என்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் நூறு. கம்ப்யூட்டர் தானாக ஏதோ அப்டேட்டை ஆரம்பித்திருந்தது. தேடியதில், சிஸ்டம் ஐடில் பிராசஸ் என்று ஒன்று கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் வேலையில்லாமல் கிடக்கிற அளவைக் காட்டுகிற அந்த எண், அப்டேட் மூச்சு வாங்கிய இடைவெளியில் எண்பதுக்கு ஏறியது.

"பாத்தியா அம்மணி, ஐடிலாம்! சும்மா உக்காந்துட்டே எம்பது பர்சன்ட் திங்கறான்" என்று பல்லைக் கடித்தார். பம்ப்செட் கம்பெனியிலும் இப்படி ஒரு சூப்பர்வைசர் இருந்தார். அவரை அசைக்க முடியவில்லை. இதையாவது அசைத்துப் பார்க்கலாம் என்று எண்ட் டாஸ்க் கொடுத்தார். முடியாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. அந்த ஆத்திரத்தில் பக்கத்தில் எக்ஸ்புளோரர் என்று இருந்ததை நிறுத்தினார். அது கேட்டுக்கொண்டது. திரையில் இருந்த படம், பட்டை, கடிகாரம் எல்லாம் மறைந்து ஒரே கறுப்பு.

"அய்யய்யோ கெரகமே!"

"முதலாளி பேரன் போட்டோ அதுலதானுங்க இருந்துச்சு" என்றாள் ஷைமா.

ஜெரோம் போனிலேயே சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தான். "நோண்டாதீங்ணா, சித்த நேரம் சும்மா உடுங்க. அப்டேட் முடிஞ்சா அதுவே இறங்கீரும்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

சும்மா விட குமாரசாமியால் முடியவில்லை. மணி பதினொன்றே கால். பதினொன்றரைக்கு மேடத்தின் ரயில். நாலு பிராசசர் போதாமல்தானே இவ்வளவு லோடு? நாலை எட்டாக்கினால்? செல்போனில் தேடி, எம்எஸ்கான்ஃபிக் என்று அடிக்கக் கற்றுக்கொண்டார். உள்ளே போனதும் "பிராசசர்களின் எண்ணிக்கை" என்று சின்னக் கட்டம் இருந்தது. டிக் அடித்தார். பக்கத்தில் ஒன்று என்று விழுந்தது. எட்டு எங்கே என்று தேடுவதற்குள் கை ஓகேயில் பட்டு, கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது.

எழுந்த விதமே சரியில்லை. ஒரு எழுத்து அடித்தால் அடுத்த எழுத்து வர ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தார்.

லாஜிக்கல் பிராசசர்: ஒன்று. லோடு: நூறு.

இருந்த நாலில் மூன்றைத் தொலைத்தாயிற்று. வீட்டில் மனைவி புவனாவிடம் என்ன சொல்வது? மூன்று வாரத்துக்கு முன்தான் அவள் தெருவெல்லாம் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஷைமாவே எழுந்து வந்தாள். "எந்தக் கட்டத்துல டிக் போட்டீங்களோ அதை எடுத்துப்போடுங்க சார்." டிக்கை எடுத்தார். மறுபடி அணைந்து எழ ஒன்பது நிமிடம். வாசலில் கார் ஹாரன். மயில்சாமி உள்ளே ஓடி வந்தார்.

"சார், மேடம் வண்டியில உக்காந்திருக்காங்க. பேப்பர் எங்கீங்க?"

"ரெண்டே நிமிசம் மயில்சாமி!"

திரை வந்தது. நாலு பிராசசரும் வந்தன. அப்டேட் முடிந்திருந்தது. லோடு முப்பது, பன்னிரண்டு, ஏழு, மூன்று.

"யாரும் எதையும் தொடாதீங்க!" என்று கத்திவிட்டு லெட்டர்பேடில் எழுதினார். பிராசசர் பெயர்: கோர் ஐ த்ரீ. எண்ணிக்கை: நாலு. தற்போதைய லோடு: மூன்று சதவீதம். ஃப்ரீ: தொண்ணூற்று ஏழு சதவீதம். கையெழுத்து, சீல். மயில்சாமி பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

அரை மணி நேரத்தில் முதலாளி போன்.

"குமாரசாமி! மேடம் இப்பத்தான் பேசுனாங்க. தொண்ணூத்தேழு பர்சன்ட் ஃப்ரீயாங்க? நெசமாலுமா?"

"நானே கண்ணுல பாத்து எழுதுனனுங்க."

"அது எப்பவும் ரொம்பித்தானுங்களே கிடக்கும்! எப்படிக் காலியாச்சு?"

"காலைல இருந்து அதே வேலைதானுங்க. ஓடிட்டு இருந்த மத்ததையெல்லாம் ஒவ்வொண்ணா நிறுத்திப்போட்டேனுங்க."

"மத்தவங்களுத நிறுத்திப்போட்டீங்களா!" என்று முதலாளி கூவினார். "மூணு வாரத்துல இத்தனை செல்வாக்கா? மேடம் ஆர்டரை மூணு மடங்காக்கிட்டாங்க. நேர்ல ஒரு எட்டு பாத்துட்டு கையெழுத்துப் போட்டுடறேன்னு கெளம்பிட்டாங்க. நல்லாக் கவனிச்சு அனுப்புங்க."

குமாரசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே வேலையில் இறங்கினார். கம்ப்யூட்டர் பெட்டியை ஈரத்துணியால் துடைத்தார். சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். மேடம் உட்கார முதலாளி அறையிலிருந்து நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டார். இளநீர் வாங்கி வைத்தார். ஷைமாவை மௌசைத் தொட விடவில்லை. லோடு மூன்றிலேயே நிற்க வேண்டுமே!

"மூச்சாவது உடலாங்களா சார்?" என்றாள் ஷைமா.

"மெதுவா உடு."

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. ரெண்டு. மேடத்தைக் காணோம். லோடு ஒரு தடவை ஒன்பதுக்குப் போய் வந்ததில் அவருக்கு உயிர் போய் வந்தது. அந்த நேரம் பார்த்து மயில்சாமியின் போன் வந்தது.

"எங்க மயில்சாமி இருக்கறீங்க? இங்க எல்லாம் ரெடி!"

"ஏனுங் சார், துணிக்குச் சாயம் போடற பிராசசர் பேரு கேட்டா 'கோர் ஐ த்ரீ'ன்னு எழுதிக் குடுத்திருக்கறீங்களே, அந்தச் சாயப்பட்டறை எங்கீங்க இருக்குது? மேடத்தை வச்சுட்டு பெருந்துறை பூராத் தேடிப்போட்டேன், ஒருத்தருக்கும் தெரியலீங்க!"