ரோசமில்லாத கொய்யா

வாத்தியார்களுக்கு ஒரு சாபம் உண்டு. எதைப் பாடமாக நடத்துகிறோமோ அது நம் வீட்டில் மட்டும் நடக்காது. எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழய்யாவின் மகன் தமிழில் பெயில். பி.டி. வாத்தியாருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நான் உயிரியல் வாத்தியார். வருஷா வருஷம் 'தாவரங்களில் இனப்பெருக்கம்' நடத்துகிறவன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் நானும் என் மனைவி ஈஸ்வரியும் ஒரு சின்னக் காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். ஈஸ்வரி பழனிப் பக்கம், கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடிக்காரி. கல்யாணமாகி வந்தபோது அவள் அப்பா சீர்வரிசையோடு ஒரு கொய்யாக் கன்றையும் கொண்டுவந்து, தன் கையாலேயே சுவரோரம் குழி தோண்டி நட்டு வைத்தார். "ரெண்டே வருசமுங்க மாப்ளை. அப்பறம் நீங்க போதும் போதும்னாலும் காச்சுத் தள்ளும்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மரத்தைத்தான் சொல்கிறாரா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

ரெண்டு வருஷம் போனது. அதற்குமேல் இன்னும் சில வருஷங்களும் போயின. மரம் சுவரைத் தாண்டி வளர்ந்து, கரும்பச்சையாக இலை விட்டு, பார்க்க ஆளை மயக்கும். ஆனால் பேருக்குக்கூட ஒரு பூ கிடையாது. வீட்டுக்குள்ளும் அதே கதைதான்.

எங்கள் தெருவில் இதை விசாரிக்க ஒரே ஒரு வார்த்தைதான். "ஏதும் விசேஷமா?" கேட்பவர்கள் முதலில் ஈஸ்வரியின் வயிற்றைப் பார்ப்பார்கள். அப்புறம் மரத்தைப் பார்ப்பார்கள். ரெண்டிலும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், "ம்... ஆண்டவன் குடுப்பான்" என்று வானத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

வகுப்பில் நான் செம்பருத்திப் பூவை நெடுக்காகக் கீறிக் காட்டி, "மகரந்தத்தூள் சூல்முடியில விழும். குழாய் விட்டு உள்ள இறங்கும். சூலுக்குப் போய்ச் சேர்ந்தா காய். இம்புட்டுத்தான்" என்று முடிப்பேன். முடித்துவிட்டுக் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டும்போது மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இம்புட்டுத்தானே, இந்த இம்புட்டு ஏன் நமக்கு நடக்க மாட்டேன் என்கிறது? டாக்டர்கள் ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குறை என்று ஒன்று இருந்திருந்தால் அதைத் திட்டிக்கொண்டாவது பொழுதைப் போக்கியிருக்கலாம்.

பொம்பளைகள் பிள்ளைக்கு ஏங்குவதைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. ஆம்பளை ஏங்கினால் அதை எங்கே போய்ச் சொல்வது? சைக்கிள் கடையில், முன்பக்கக் கம்பியில் மாட்டுகிற பிள்ளை சீட்டு தொங்கும். நான் காற்றடிக்கிற சாக்கில் நின்று அதைப் பார்ப்பேன். (டயரில் காத்து இருக்குதா இல்லையான்னுகூடப் பார்க்க மாட்டேன். கடைக்காரர் எனக்கு டயர் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.)

இதற்கிடையில் என் பெரியம்மா ஒருமுறை வந்து தங்கினார். கிளம்புகிற அன்று வாசலில் வைத்து என்னிடம், "ஏலே, இன்னும் எத்தன நாளைக்குடா பாப்ப? பேசாம வேற ஒண்ணு பாப்பமா?" என்றார். நான் கோபித்துக்கொண்டு அடுத்த டவுன் பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன். ஈஸ்வரி சமையலறையில் இருந்தாள். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதனால் அவள் காதில் விழவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். (பொண்டாட்டி பேசாம இருந்தா காதில் விழலைன்னு அர்த்தமாம். நல்ல கண்டுபிடிப்பு.)

பக்கத்து வீட்டு கிரேஸ் அக்காதான் முதலில் வைத்தியம் சொன்னது. கன்னிவாடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எதற்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும்.

"சார், நீங்க ரெண்டு பேரும் இந்த மரத்துக்கு ரொம்பத்தான் செல்லம் குடுக்குறீக. அரிசி கழுவுன தண்ணி, மீன் கழுவுன தண்ணின்னு ஊத்தி ஊத்தி அதுக்குக் கொழுப்பு ஏறிப் போச்சு. அதுக்கு ரோசம் வரணும். பிஞ்ச செருப்பையும் வெளக்கமாத்தையும் கட்டித் தொங்க விடுங்க. அதுக்கும் மசியலையா, கோடாலியோட போயி வெட்டிப்புடுவேன்னு மெரட்டணும். பக்கத்துல ஒருத்தர் நின்னு, வேணாம், இந்த ஒருவாட்டி விட்ருங்க, வார வருசம் காய்க்கும்னு கெஞ்சணும். எங்கப்பா இப்படித்தான் எங்க தோட்டத்துப் புளிய மரத்த வழிக்குக் கொண்டாந்தாரு."

நான் சிரித்தேன். ராத்திரி படுத்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதில் பாதி நான் நடத்துகிற பாடம்தான். பல செடிகள் சுகமாக இருக்கும்வரை இலையாக விட்டுத் தள்ளும். தண்ணீர் தட்டுப்பட்டு, இனி பிழைப்போமோ மாட்டோமோ என்கிற நிலை வந்தால்தான் அவசர அவசரமாகப் பூவெடுக்கும். போவதற்குள் ஒரு விதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அதற்கு ஒரு தவிப்பு. அந்தத் தவிப்பை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆக, அறிவியல்படி இது சரிதான் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். (ஆசை வந்துட்டா அறிவியலும் ஆமாஞ்சாமி போடும்.)

ஈஸ்வரியிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அதற்காகவே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

செருப்பும் விளக்குமாறும் மாதக்கணக்கில் தொங்கின. மரத்துக்கு ரோசம் வரவில்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் பார்த்ததில் ரோசம் வந்தது எனக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருக்கோடிப் பிரியாணிக் கடையில் விறகு பிளக்கிற கோடாலியை இரவல் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே வந்தவர், "என்ன சார், வீட்ல கெடா வெட்டா?" என்றார். "இல்லண்ணே, சும்மா ஒரு சின்ன வேலை" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

கிரேஸ் அக்கா கூட இருந்து நடத்தித் தருவதாகச் சொல்லியிருந்தார். கடைசி நேரத்தில், "நான் கோயிலுக்குப் போயி பூசை பாத்துட்டு வந்துர்றேன், நீங்க ஆரம்பிச்சுருங்க" என்று கிளம்பிவிட்டார். ஒருத்தரும் பார்த்துவிடக் கூடாது என்று நான் இரும்புக் கேட்டை உள்பக்கம் பூட்டினேன். திண்டுக்கல்காரன் அல்லவா, பூட்டுக்கா பஞ்சம். இருக்கிறதிலேயே பெரியதாகப் பார்த்துப் போட்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு முன்னால் போய் நின்று, "ஏம்மா, ஏன் காய்க்கல?" என்றேன்.

ஈஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, அட்டெண்டன்ஸா எடுக்கறீங்க? கோவமாப் பேசுங்க."

பேசினேன். எனக்குள் அப்படி ஒரு நடிகன் ஒளிந்திருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கோடாலியை ஓங்கிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "இத்தன வருசமா சோறு தண்ணி காட்டி வச்சிருக்கேன்ல, எனக்கு என்ன பண்ணுன நீ? தளதளன்னு நின்னாப் போதுமா? ஒரு பூவு உண்டா, ஒரு பிஞ்சு உண்டா? இன்னைக்கு ஒன்னைய ஒரே வெட்டா வெட்டிப் போட்டுட்டு, வேற ஒண்ணு கொண்டாந்து வைக்கப் போறேன்!"

கடைசி வரி கிரேஸ் அக்கா சொல்லிக் கொடுத்ததில் கிடையாது. வேகத்தில் நானாகச் சேர்த்தது. வேறு கன்று என்றுதான் நினைத்துச் சொன்னேன்.

ஈஸ்வரியின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கெஞ்ச வேண்டிய முறை. "வேண்டாமுங்க" என்று ஆரம்பித்தாள். "இந்த ஒருவாட்டி உட்டுருங்க. வர்ற வருசம்..." அதற்குமேல் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டாள். "அதுக்கு மட்டும் ஆசை இல்லீங்களா? அதுவும் தெனமும் பாத்துட்டுத்தான இருக்குது. அது என்னுங்க பண்ணும், வந்தாத்தானுங்களே?" என்று சொல்லும்போதே குரல் உடைந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் ஓங்கின கோடாலியை இறக்கத் தெரியாமல் நின்றேன். அந்த நேரம் பார்த்து யாரோ கேட்டைத் தடதடவென்று தட்டினார்கள்.

என் மாமனார். பழனி பஸ்ஸில் வந்து இறங்கி, தூக்குச்சட்டியும் பையுமாக நேரே வீட்டுக்கு வந்திருக்கிறார். தகரம் அடித்த கேட்டுக்கு வெளியே நின்று நான் கத்த ஆரம்பித்ததிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. மகள் அழுகிற சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

"மாப்ளை, கதவத் தொறங்க. அந்தப் புள்ள மேல கைய வைக்காதீங்க."

திறக்கத்தான் ஓடினேன். ஓடின ஓட்டத்தில் கோடாலியைக் கீழே போட மறந்துவிட்டேன். கேட்டு இடுக்கு வழியாகப் பார்த்த மனிதருக்கு, மருமகன் கோடாலியோடு தன்னை நோக்கி வருவதுதான் தெரிந்திருக்கிறது. அவசரத்தில் சாவி பூட்டுக்குள் நுழையவே மாட்டேன் என்றது. "ஒரு நிமிசம் மாமா, ஒரு நிமிசம்" என்கிறேன். வெளியே சத்தமே இல்லை.

அவர் கிரேஸ் அக்கா வீட்டுத் துவைக்கிற கல்மேல் ஏறிவிட்டார். அங்கிருந்து சுவர். சுவரிலிருந்து கொய்யாக் கிளையைப் பிடித்துத் தொங்கினார். நல்ல கனத்த உடம்பு. கொய்யாக் கிளை லேசில் முறியாது. அது வளைந்தது, இன்னும் வளைந்தது, கடைசியில் அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து அரிசித் தண்ணீர்ச் சேற்றில் உட்கார வைத்தது. பிய்ந்த செருப்பும் விளக்குமாறும் அவர் மூக்குக்கு நேரே ஆடின.

சேற்றில் உட்கார்ந்தபடியே கைகூப்பினார். "குடுத்தது நானுங்க மாப்ளை. கொறை இருந்தா எம்மேல போடுங்க. அவ என்னுங்க பண்ணுவா."

"அப்பா, அவரு மரத்தச் சொன்னாருங்கப்பா" என்றாள் ஈஸ்வரி.

அவர் என்னைப் பார்த்தார். கோடாலியைப் பார்த்தார். மூக்குக்கு முன்னால் ஆடுகிற செருப்பைப் பார்த்தார். "மரத்தைங்களா?" என்றார். மகளிடம் திரும்பி, "அப்ப நீ எதுக்குக் கண்ணு அழுத?" என்று கேட்டார்.

அவள் அப்பாவைத் தூக்கிவிடக் குனிந்தாள். அதற்குள் சுவருக்கு மேலே தலைகள் முளைத்துவிட்டன. நான் கோடாலியோடு வீட்டுக்குப் போனதைப் பார்த்தவர்தான் தெருவையே திரட்டியிருக்கிறார். நல்லவேளையாகக் கிரேஸ் அக்கா பூசை முடிந்து வந்து சேர்ந்தார். அவர் விளக்கம் சொல்லச் சொல்ல தெரு விழுந்து விழுந்து சிரித்தது. மாமனாரும் சிரித்தார். ஈஸ்வரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் மட்டும் கோடாலியை எங்கே ஒளிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமனாரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றேன்.

"வேற ஒண்ணுன்னு நான் கொய்யாக் கன்னத்தான் சொன்னேன்."

"தெரியுமுங்க."

"பெரியம்மா சொன்னது ஒன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க."

"எனக்கு நீ போதும் ஈஸ்வரி" என்றேன். நல்ல புருஷன் சொல்ல வேண்டிய வசனம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "எனக்குப் போதலீங்களே. எனக்கு ஆசையா இருக்குதுங்களே."

"எனக்கும்தான்" என்றேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு ரெண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை. வெறும் மோருஞ் சோறும் ஊறுகாயும்தான்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் வெட்கத்தில் நான் மரத்துப் பக்கமே போகவில்லை. தண்ணீரும் ஊற்றவில்லை. மாமனார் தொங்கின கிளை வளைந்தது வளைந்தபடியே கிடந்தது. அந்தக் கிளையில்தான் முதலில் பூ வந்தது. வெள்ளை வெளேரென்று, கொத்துக் கொத்தாக மகரந்த இழைகளோடு, கணுவுக்குக் கணு. கிளை நிமிர்ந்து நின்றால் சத்தெல்லாம் நுனிக்கே ஓடும், வளைத்து விட்டால் தூங்குகிற பக்க மொட்டுகள் எல்லாம் முழித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், மாமனாரைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றுதான் தோன்றாமல் போய்விட்டது. அப்புறம் மற்றக் கிளைகளும் பூத்தன. கன்று நட்ட அன்றைக்கு மாமனார் சொன்ன மாதிரியே, போதும் போதும் என்கிற அளவுக்குக் காய்த்துத் தள்ளியது.

இதற்கு யார் காரணம் என்கிற வழக்கு எங்கள் குடும்பத்தில் இன்னும் தீரவில்லை. செருப்பும் விளக்குமாறும்தான் என்பது கிரேஸ் அக்கா கட்சி. "என்ற வெயிட்டுக்குக் காச்சதுங்க" என்று மாமனார் கடைசிவரைக்கும் மார் தட்டினார். தண்ணீரை நிறுத்தினதும் கிளை வளைந்ததும்தான் என்று நான் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கோடாலி சார்' என்ற பேர் நிலைத்துவிட்டது. அந்தப் பேரை வைத்த மாணவர்களுடைய பிள்ளைகளும் இப்போது என்னிடம் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் நான் கோடாலி சார்தான்.

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்தக் காதுகுத்துக்குப் போனாலும், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்ததும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "மாமா, அந்தக் கோடாலிக் கதையச் சொல்லுங்க." சொல்வேன். என்னைப் போலவும் மாமனாரைப் போலவும் நடித்தே காட்டுவேன். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிக்கும். கதை தெரியாத புதுசாக ஒருத்தர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஈஸ்வரியிடம் கேட்பார்.

"கடைசில காச்சுச்சாக்கா?"

ஈஸ்வரியும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். "மரம் காச்சிருச்சுங்க."

எல்லோரும் மறுபடி சிரிப்பார்கள். அவள் எழுந்து, யார் பிள்ளைக்கோ கை கழுவி விடுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போவாள். பிள்ளை கழுவி முடித்துக் கையை உதறிக்கொண்டு ஓடிவந்துவிடும். அவள் வர நேரமாகும். நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து பின்னாலேயே போவேன்.