நான் மூச்சு விடவில்லை

இனி வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. என் உத்தியோகம் அப்படிக் கேட்டது.

நான் முக்குளிப்பவன். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவதும், தளர்ந்த போல்ட்டுகளை முடுக்குவதும் என் வேலை. முதுகு ஒடிகிற வேலைதான். ஆனால் தண்ணீருக்கு அடியில் யாரும் "என்னங்க" என்று கூப்பிட மாட்டார்கள். அந்த ஒரு சுகத்துக்காகவே இத்தனை வருஷம் முங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சுகத்துக்கும் ஆபத்து வந்தது. மற்றவர்களின் சிலிண்டரில் பாதிக் காற்று மிச்சம் இருக்கும்போதே என் சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. அதை இழுத்து விடுற தசை சீக்கிரம் களைச்சுப் போகுது. கை காலுக்குப் பயிற்சி குடுக்கிற மாதிரி அதுக்கும் குடுக்கணும்" என்று ஒரு குழாயைக் கையில் வைத்தார்.

உள்ளங்கைக்குள் அடங்கும் குழாய். உள்ளே ஒரு ஸ்பிரிங், அது அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு மூடி. வாயில் கவ்விக்கொண்டு பலமாக இழுத்தால்தான் மூடி திறந்து காற்று வரும். பக்கத்தில் எண்கள் போட்ட ஒரு திருகு. அதை இறுக்க இறுக்க இழுப்பது கஷ்டம்.

"மாசக் கடைசியில சோதனை. தேறலைன்னா கரைக்கு மாத்திடுவாங்க. ஸ்டோர்ல போடுவாங்க."

ஸ்டோருக்கு யார் அதிகாரி தெரியுமா? என் மச்சான், மனைவியின் அண்ணன். வீட்டில் தங்கை, வேலையில் அண்ணன். அந்த இடத்திலேயே எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி கத்தரிக்காயைக் கீழே வைத்தாள்.

"தேறாட்டி என்னங்க? ஸ்டோர்ல ஃபேன் இருக்கு. நாற்காலி இருக்கு."

"உங்கண்ணனும் இருக்கார்."

"இருக்கட்டுமே! கடிச்சா தின்னுடுவார்? நீங்க தண்ணிக்குள்ள போற ஒவ்வொரு நாளும் நான் இங்க மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுக்கு எனக்கு யாரு குழாய் குடுத்தா?"

"நான் தேறியே தீருவேன்."

"தேறுங்க, தேறுங்க. அதுக்கு முன்னாடி அந்தக் குளியலறைத் தாழ்ப்பாளுக்கு ஒரு ஸ்பிரிங் போடுங்க. கடலுக்கு அடியில கப்பலுக்கே போல்ட் முடுக்குறீங்க. வீட்டுல நான் ஒரு காலால கதவை மிதிச்சிக்கிட்டுக் குளிக்கிறேன்."

குழாயை வாயில் வைத்தேன். இழுத்தேன். பாறாங்கல்லைப் பாட்டிலுக்குள் உறிஞ்சி இழுப்பது போல இருந்தது. காது சூடானது. கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். என் மனைவி தாழ்ப்பாளைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை!

அப்போதுதான் அந்தத் திட்டம் உதித்தது. பயிற்சியாளர் காலையும் மாலையும் ஐந்து நிமிஷம் போதும் என்றிருந்தார். நான் வீட்டில் வேறு மாதிரி சொன்னேன்.

"வீட்டுல இருக்கிற நேரமெல்லாம் குழாய் வாயிலேயே இருக்கணும். பேசக் கூடாது. தலையாட்டக் கூடாது. கையைக் கூடக் காட்டக் கூடாது. தசை பிசகிடும்."

"அப்ப நான் ஏதாவது கேட்டா?"

"கேளு. யார் வேணாம்னா?"

ஆகா, என்ன நிம்மதி! அவள் மூச்சு விடாமல் பேசினாள். நான் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். இரண்டொரு நாளில் காதையும் சேர்த்து மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன்.

"அண்ணன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்களாம். ஒரு வாரம் நம்ம முன்னறையில தங்கட்டுமா? வேணாம்னா சொல்லுங்க."

நான் இழுத்தேன்.

"சரி, வரச் சொல்றேன்."

மச்சான் வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை என்ன, நம்மகிட்ட பேசவே மாட்டேங்கிறாரு?" என்றார். என் மூக்கு விடைத்தது. அதையும் பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு நாள் அவள் குழாயைக் கழுவிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். நான் உடனே கவ்விக்கொண்டேன்.

"என்னங்க, தாழ்ப்பாளுக்கு ஆகிற மாதிரி ஸ்பிரிங் ஒண்ணு நம்ம வீட்டுலயே இருக்கு. எடுத்துப் போட்டுக்கட்டுமா? வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

நான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தேன்.

"கடைசியாக் கேக்கிறேன். போட்டுக்கட்டுமா?"

தெருவில் ஒரு நாய் போனது.

மறுநாள் குளியலறைக் கதவு டக்கென்று சாத்திக்கொண்டது. எங்கிருந்து ஸ்பிரிங் கிடைத்தது என்று கேட்க நினைத்தேன். கேட்க வேண்டுமானால் குழாயை எடுக்க வேண்டும். குழாயை எடுத்தால் ஒரு வாரப் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன்.

அதைவிட அதிசயம், அன்றிலிருந்து என் மூச்சுத் தசை பிரமாதமாக வளர்ந்தது! திருகை இறுக்கினேன். காற்று வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் இறுக்கினேன். வெண்ணெய். கடைசி எண்ணுக்கே வந்துவிட்டேன். பெருமை தாங்காமல் குழாயை ஒரு நொடி எடுத்து மனைவியிடம் காட்டினேன்.

"பாத்தியா? கடைசி எண்! எங்க ஆளுங்க யாரும் பாதிகூடத் தாண்டல."

"அப்படியா!" என்றாள். மிகவும் சந்தோஷமாகச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தை நான் சந்தேகித்திருக்க வேண்டும்.

சோதனை நாள். பயிற்சிக் குளத்தின் அடியில் ஓர் இரும்புத் தகடு. அதன் போல்ட்டுகளை எல்லாம் முடுக்கிவிட்டு மேலே வர வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குதித்தேன். பாதி போல்ட்கூட முடியவில்லை, அதற்குள் நெஞ்சு பட்டறைத் துருத்தி போல அடித்துக்கொண்டது. முள் சிவப்புக்கு வந்துவிட்டது. என்னைப் பிடித்து மேலே இழுத்தார்கள்.

"என் குழாயில கடைசி எண் வரைக்கும் இழுத்தேன் சார்!" என்று கத்தினேன்.

பயிற்சியாளர் என் பையிலிருந்த குழாயை வாங்கித் திறந்து பார்த்தார். தலைகீழாகத் தட்டிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் எங்கய்யா? இது வெறும் குழாய். இவ்வளவு நாள் இதுல இழுத்ததுக்கு ஜூஸாவது குடிச்சிருக்கலாம்."

கரையில் மச்சான் நின்றிருந்தார். "வாங்க மாப்பிள்ளை. நாளைக்கு நேரத்தோட வந்துடுங்க" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். நேரே குளியலறை. தாழ்ப்பாளுக்குள் என் ஸ்பிரிங் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அழுத்தினேன். டக். என்னைவிட நன்றாக வேலை செய்தது.

"அடிப்பாவி! என் பிழைப்பைக் கொண்டுபோய்த் தாழ்ப்பாள்ல மாட்டியிருக்கியே! எடுக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றபடி கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டேனே! நீங்கதான் மூச்சே விடலை."